போர்வையின் பின்பக்கம்

ரவிக்கை தைக்கிறவள் பிடிப்புக்கு ஒரு இஞ்சாவது விட்டுத்தான் வெட்டுவாள். உடம்பு ஏறும், இறங்கும். பின்னால் பிரித்து விடுவதற்குத் துணி உள்ளே இருக்க வேண்டும். ஒட்டுத்தையல் போர்வையில் அந்தத் தாராளம் செல்லாது. அங்கே பிடிப்பு கால் இஞ்ச். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தைத்தபின் மூன்று இஞ்ச் சதுரம் வேண்டுமானால் மூன்றரை இஞ்சாக வெட்டி, நான்கு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போகவிட வேண்டும். அதில் இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடப் பிடித்துவிட்டால், இரண்டு துண்டு சேரும் இடத்தில் அது இரட்டிப்பாகும். முப்பது துண்டு அகலமுள்ள போர்வையில் இருபத்தொன்பது தையல் வரும். ஓரத்துக்கு வரும்போது மூன்றரை இஞ்சுக்கு மேல் காணாமல் போயிருக்கும். அதுவும் எல்லா வரிசையிலும் ஒரே அளவாகப் போகாது. வரிசையோடு வரிசையைச் சேர்க்கும்போது மூலையும் மூலையும் சந்திக்காது. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் அந்தக் கோணல் தெரியும்.

இந்தக் கணக்கை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கிழிந்து வந்த ஒரு அமெரிக்கப் போர்வையிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

நான் பிறந்தது பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலூகாவின் கிழக்கு ஓரத்தில் வீட்டிலும் வயலிலும் தமிழ்தான். நான் பள்ளிக்கூடம் படித்ததும் தமிழில். கல்யாணத் துணி எடுக்க, மெஷினுக்கு ஊசி வாங்க, எல்லாவற்றுக்கும் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். அம்மா வீட்டுத் திண்ணையில் ரவிக்கை தைத்தார். பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓரத்தில் ரவிக்கைத் துண்டுகளைப் பட்டையாக வைத்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, கைக்குழந்தைகளைக் கிடத்த விரிப்பு செய்வார். அந்த ஊர் வெயிலுக்குப் போர்த்திக்கொள்ள எதுவும் தேவைப்படாது. பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பழகும்போது, “கண்ணு, நூலைச் சுண்டி இழுக்காதே, துணி சுருங்கிப் போயிரும்” என்பார். இன்றைக்கு என்னிடம் பழக வருகிற பெண்களிடம் முதல் நாள் நான் சொல்வதும் இதைத்தான். சில விரிப்புகளின் அடித்துணி, பள்ளிக்கூடத்து உப்புமாவுக்கு கேர் நிறுவனம் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த ரவைப் பை. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் முத்திரை எத்தனை முறை வெளுத்தாலும் லேசாகத் தெரியும்.

கல்யாணமாகி உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு மலைக்கு வந்தேன். மறையூருக்கும் மூணாறுக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவருக்கு ஃபேக்டரி வேலை. எஸ்டேட்டில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிவர, போடி வழியாக மலையேறியவர்களின் பேரன் பேத்திகள். ஐயாயிரம் அடி உயரம். ஜனவரியில் விடிகாலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். லயத்து வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் குளிர் அப்படியே இறங்கும். பழைய நாளில் தோட்டத்தில் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று என் மாமியார் சொல்லுவார். அப்படிக் காசு கொடுத்த கம்பளியை நைந்துபோனாலும் யாரும் வெளியே போடுவதில்லை. இரண்டு பழைய சேலைக்கு நடுவே வைத்து, சுற்றிலும் குறுக்கிலும் தைத்து, இன்னும் பல குளிர்காலம் போர்த்தினார்கள். மேலே ஒரு துணி, நடுவே கனம், கீழே ஒரு துணி, மூன்றும் நகராமல் பிடிக்க ஊடே தையல். அமெரிக்காவில் குயில்ட் என்று சொல்வதும் அடிப்படையில் இதுதான். அங்கேயும் ஏழை வீடுகளில் கந்தலாகிப்போன பழைய போர்வையையே புதுப் போர்வைக்கு நடுவே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்த அமெரிக்கப் போர்வையைக் கொண்டுவந்தவர் ஒரு கோட்டயத்துச் சேச்சி. அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மூணாறுக்குக் கீழே வீடு கட்டி வந்தவர். அவரோடு வேலை பார்த்த ஒருவரின் தாயார் தைத்துக் கொடுத்தது. மடிப்பில் நைந்து பல இடத்தில் வாய் பிளந்திருந்தது. லாக் கேபின் என்ற வகை. நடுவில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரம். அதைச் சுற்றி ஒவ்வொரு பட்டையாக அடுக்கி வளர்த்த கட்டம். ஒரு கட்டத்தின் ஒரு பாதியில் வெளிர் நிறங்கள், மறு பாதியில் அடர்ந்த நிறங்கள். சிவப்பு, மரவீட்டின் நடுவே எரியும் அடுப்பு என்று அங்கே சொல்வது வழக்கம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைக்கும் விதத்தில் ஒரு போர்வையில் உழவுச் சால் விழும், இன்னொன்றில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சாய்சதுரங்கள் விழும். கட்டம் ஒன்றே.

கிழிந்த இடங்களைப் பிரித்தபோதுதான் அதன் பின்பக்கம் எனக்குக் கிடைத்தது. நாங்கள் தையலை இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுவோம். அதில் எல்லாத் தையலும் ஒரே பக்கமாக, அடர்ந்த துணியின் பக்கமாகச் சாய்ந்திருந்தன. வெளிர் துணிக்குக் கீழே இருண்ட துணியின் ஓரம் நிழலாகத் தெரியாமல் இருக்க ஒன்று. தையலின் வழியே பஞ்சு வெளியே வராமல் இருக்க இன்னொன்று. அடுத்தடுத்த வரிசையில் எதிர் எதிர்ப் பக்கமாகச் சாய்த்தால் இரண்டு தையலும் ஒன்றையொன்று முட்டி நின்று மூலை தானாகக் கூடும். இதைக் கண்டுபிடித்த பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், தையல் கலையில் இதைவிடச் சிக்கனமான உபாயம் இல்லை.

அடியில், ஒரு மூலையில், சின்ன வெள்ளைத் துணித்துண்டு. அதில் தைத்தவரின் பெயர், ஊர், வருஷம், யாருக்காகத் தைத்தது என்பது. அதைப் பார்க்கும்வரை, தைத்த துணியில் தையல்காரி தன் பெயரை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அமெரிக்கக் குயில்ட்டைப் பற்றி எங்கும் சொல்லப்படும் கதை, குடியேறிய ஏழைப் பெண்கள் கந்தலை ஒட்டிப் போர்வை செய்தார்கள் என்பது. சேச்சி கொடுத்த புத்தகங்களையும் பின்னால் கிடைத்தவற்றையும் படித்தபின் அது பாதிதான் சரி என்று தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலக் குடியேற்றங்களில் துணி விலை அதிகம். குயில்ட் வசதியான வீடுகளில்தான் இருந்தது. அந்த வசதியான வீட்டுப் போர்வைகளில் இருந்த துணியில் ஒரு பங்கு நம்முடையது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டணம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரையிலிருந்து சாய வேலை செய்த பூத்துணி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. மஞ்சிட்டி, சாயவேர்ச் சிவப்பு துவைத்தாலும் போகாததால் அங்கே அதற்கு அத்தனை கிராக்கி. உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்தும் 1700-களின் தொடக்கத்தில் தடுத்தது. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. அப்படிப் போன துணியிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்த போர்வைகள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் கரைச் சாயக்காரன் போட்ட பூ ஒன்றுகூட வீணாகாமல் இருக்க அவர்கள் அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

துண்டுகளை ஒட்டும் வேலை வீட்டுக்கு வீடு பரவியது ஆலைத்துணி மலிந்தபிறகு, 1830-களுக்குப் பின். அந்த மலிவின் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்: வடக்கே மாசசூசெட்ஸ் ஆலைகளில் நெய்த துணிக்கு, தெற்கே அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் எடுத்த பருத்தி. 1851-இல் சிங்கர் தையல் மெஷினுக்குப் பதிவுரிமை பெற்றார். ஐந்து வருஷத்தில் அவருடைய கம்பெனி தவணையில் விற்கத் தொடங்கியது. நானும் என் உஷா மெஷினைத் தவணையில்தான் வாங்கினேன். மெஷின் வந்து கைவேலை அழிந்தது என்று பேசுகிறவர்கள் குயில்ட்டைப் பார்க்க வேண்டும். துண்டுகளைச் சேர்க்கும் வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டதால் பெண்களுக்குப் பெரிய போர்வைகள் தைக்க முடிந்தது. 1930-களின் பஞ்ச காலத்தில் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் கம்பெனிகள் பூப்போட்ட துணிப் பைகளே போட்டன. பை காலியானதும் கவுன், கவுன் கிழிந்ததும் போர்வை.

எங்கள் போர்வைக்குத் துணி எங்கிருந்து வருகிறது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். திருப்பூர் பனியன் கழிவு எடை போட்டு மலிவாகக் கிடைக்கும். போர்வைக்கு அது ஆகாது. இழுத்தால் நீளும், கால் இஞ்ச் கணக்கு நிற்காது. நெய்த துணிதான் வேண்டும்: ஈரோட்டுச் சட்டை வெட்டு, பள்ளிச் சீருடைக் கட்டம், பாப்ளின், நைட்டித் துணி. எல்லாவற்றிலும் மேலானது ரூபியா ரவிக்கைத் துணி. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர் துணிக்கடையிலும் சேலைக்குச் சேர வேண்டுமென்று ஒரு பச்சையிலேயே சுவர் முழுக்க அடுக்கி வைத்திருப்பார்கள். பென்சில்வேனியாவில் ஆமிஷ் சமூகப் பெண்கள் பூவே இல்லாத ஒற்றை நிறத் துணிகளை மட்டும் வைத்துச் செய்த போர்வைகளைப் படத்தில் பார்த்தபோது, எங்கள் ரவிக்கைக் கடைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. தேர்தல் முடிந்தால் கொடித் துணி வரும். நெசவு தளர்ச்சி, சாயம் நிற்காது. அதை நான் தொடுவதில்லை. எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, உலர்த்தி, நேர்நூலில் இஸ்திரி போட்டு எடுக்கிறேன். சிவப்பும் கருநீலமும் இரண்டு முறை. குறுக்காக, கிராஸில் வெட்டிய துண்டு தையலில் நெளியும். அதனால் முக்கோணம் வெட்டும்போது நீண்ட பக்கத்தைக் கையால் தொட்டு இழுக்கவே கூடாது.

இன்னொரு துணி எஸ்டேட்டிலேயே கிடைக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் குளிருக்கும் செடி கீறலுக்கும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சட்டையில் முழங்கை தேய்ந்துவிடும், மணிக்கட்டில் தேயிலைக் கறை ஏறிவிடும், முதுகுப்புறம் கூடைக் கயிற்றில் வெளுத்துவிடும். பையைப் பிரித்தால் மட்டும் அதன் கீழே முதல் நாள் நிறம் அப்படியே இருக்கும். அந்த அடர்ந்த சதுரத்தை நான் வெட்டி எறிவதில்லை. அதை நடுவில் வைத்துத்தான் கட்டம் போடுகிறேன். நிறம் வெளுத்த அளவை வைத்தே துண்டுகளை வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்றாகப் பிரிக்கலாம். கடையில் வாங்குகிற எந்தத் துணியிலும் இந்த வரிசை கிடைக்காது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பினக் கிராமத்தில் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி இன்னும் அந்தத் தோட்ட முதலாளியின் பெட்வே என்ற பெயரைத்தான் குடும்பப் பெயராகச் சுமக்கிறது. எஸ்டேட் லயத்தில் வாழ்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடங்களும் வெளுத்த நீலங்களுமாக இருக்கும். 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கி வெளியூருக்கு விற்றார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் அவர்களுடைய போர்வைகளைச் சுவரில் மாட்டின. 2006-இல் தபால்தலையும் வந்தது. அவர்களுடைய கோடுகள் நேராக இருக்காது. நான் கால் இஞ்சைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். ஆனாலும் அந்தச் சாய்வுகள் கண்ணும் கையும் சேர்ந்து எடுத்த முடிவுகள், கவனக்குறைவு இல்லை என்பது நிறங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் தெரியும்.

நம் நாட்டில் இது இல்லையா என்று கேட்பவர்களுக்கு: வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்துக் கோதடி, வட கர்நாடகத்துக் கௌதி எல்லாம் இருக்கின்றன. உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்கிற காவந்த் இருக்கிறது. அதன் மூலைகளில் சின்ன முக்கோணப் பூ வைக்காமல் அவர்கள் முடிப்பதில்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையும் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணி வெட்டி ஒட்டுகிற வேலைதான். குளிரில்லாத ஊரில் நம் ஒட்டுத்தையல் சாமிக்குப் போயிற்று.

நடுவே வைக்கும் பஞ்சுக்கு வருகிறேன். போடி இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர், எங்களுக்கு மலைக்குக் கீழே. தலையணைக்கு அதற்கு இணை கிடையாது. போர்வைக்கு வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் உருண்டு மூலைக்குப் போய்விடும். அதன் இழை வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. பருத்திப் பஞ்சு பிடிக்கும், அதையும் தையல் நெருக்கமாக ஓடினால்தான் நம்பலாம். இரண்டு இஞ்சுக்கு மேல் தையல் இல்லாத இடம் விட்டால் துவைத்ததும் அங்கே கட்டி விழும். ஜூனில் தொடங்கும் மழையில் வீட்டுக்குள் எதுவும் காயாது, பருத்தியில் பூஞ்சை ஏறும். அதனால் மலை வீடுகளுக்கு நடுவில் பழைய கம்பளி வைப்பதே எனக்குப் பிடித்தம். கனம் கூட, ஆனால் நனைந்தாலும் சூடு விடாது. பாலியஸ்டர் அட்டை லேசு, சீக்கிரம் உலரும். வாடிக்கையாளர் கேட்டால் போடுகிறேன், விரும்பிப் போடுவதில்லை.

மேல்துணி முடிந்ததைப் போர்வை முடிந்ததாக நினைப்பவர்கள் நிறைய. உழைப்பில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கச்சாத் தையல் போட்டு, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் சட்டத்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் மேலே தூக்கிக் கட்டுவார்களாம். இடம் குறைந்த லயத்து வீட்டில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். தையல் ஓட வேண்டிய கோட்டைச் சோப்புத் துண்டால் போட வேண்டும். பென்சில் கறை போகாது. ஊசி குட்டையாக இருக்க வேண்டும். நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தால் சிக்கு விழாது. மேல் கை ஊசியைச் செங்குத்தாக இறக்க, கீழே இருக்கும் கையின் விரல் முனை அதைத் தொட்டவுடன் மேலே திருப்பிவிடும். அந்தக் கீழ் விரலைக் கண்ணால் பார்க்க முடியாது. அதில் தோல் தடிக்கும்வரை யாருக்கும் இந்த வேலை வராது. இஞ்சுக்கு ஆறு தையல் நல்ல வேலை. பத்து, பன்னிரண்டு போடுகிற கைகள் உண்டு. மேலே தெரிகிற தையலும் கீழே தெரிகிற தையலும் ஒரே நீளமாக இருந்தால்தான் அது தேறிய கை.

சாயங்காலம் கொழுந்து எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்காருவார்கள். மதினி, அக்கா, சித்தி என்று உறவு கூப்பிட்டுக்கொண்டு ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். பேச்சு போனஸில் தொடங்கிப் பிள்ளைகளின் படிப்பில் போய் நிற்கும். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்து இருபது சதவீத போனஸ் கேட்ட பெண்களில் சிலர் என் சட்டத்தில் தைத்தவர்கள். கூலி என்றால் என்ன என்று அவர்களிடம்தான் நான் பேசப் பழகினேன்.

இரட்டைக் கட்டில் அளவுப் போர்வையில் கைத்தையல் மட்டும், வேலைக்குப் போய்வந்து தைக்கிற ஒருத்திக்கு, இரண்டு மூன்று மாத வேலை. அதைச் சுற்றுலாக் கடைகளில் மெஷினில் அடித்த ரஜாய் விலையோடு வைத்துப் பேசுகிறார்கள். “கழிவுத் துணிதானே” என்பது முதல் வார்த்தையாக வரும். ஒரு கடைக்காரர் நாங்கள் மூலையில் தைத்த பெயர்த் துணியைப் பிரித்துவிட்டுத் தன் கடை லேபிளை வைக்கச் சொன்னார். அவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் விவிலியக் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டி ஒரு போர்வை தைத்தார். 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். 1891-இல் குடும்பக் கஷ்டம் வந்தபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் என்ன கதை என்று பவர்ஸ் சொன்னதை அந்த ஆசிரியை எழுதி வைத்ததால்தான் பெயரும் பொருளும் நமக்குக் கிடைத்தன. 1971-இல் விட்னியில் குயில்ட்டுகளை ஓவியம்போல மாட்டிய முதல் பெரிய கண்காட்சி நடந்தபோது பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யாரென்று தெரியவில்லை. பின்பக்கத்தில் நாலு வார்த்தை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய போர்வையில் ஒவ்வொரு துண்டும் ஆறடிக்கு மூன்றடி, ஒரு சவக்குழியின் அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 1987 அக்டோபரில் வாஷிங்டன் மைதானத்தில் அதை விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. பேர் சொல்லத் தயங்கிய சாவுகளை அந்தத் தையல் பேர் சொல்லி விரித்தது.

எங்கள் போர்வைகளில் இப்போது இடது கீழ் மூலையில் பாப்ளின் துண்டில் சங்கிலித் தையலில் எழுதுகிறோம்: தைத்தவர்கள் பெயர் அத்தனையும், எஸ்டேட், டிவிஷன், வருஷம். தமிழில்தான். போர்வை அடியோடு நைந்தாலும் அந்த மூலை கட்டிலுக்கு வெளியே தொங்குவதால் கடைசியாகத்தான் தேயும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பாட்டி தைத்த விரிப்போ, அம்மா தைத்த தொட்டில் துணியோ இருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதித் தைத்து வையுங்கள். கைத்தையல் போர்வை வாங்குகிறவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் யார் தைத்தது, என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.